உப்பு கேட்ட உடம்பு

என் மனைவி கேக்கில் பெயர் எழுதுகிறவள். மாவு கலப்பதும் அடுப்பில் வைப்பதும் வேறு ஆட்கள். ஆறிய கேக்குக்குக் கிரீம் பூசி, பூப்போட்டு, கடைசியாகப் பெயர் எழுதுவது அவள் வேலை. பேக்கரியின் பின்பக்கம் ஜன்னல் இல்லாத ஒரு குளிர் அறை. ஒரு எஃகு மேஜை, அதன்மேல் ஒரு சுழல்தட்டு, சுவரில் அளவு வாரியாகத் தொங்கும் தட்டைக் கத்திகள். இருபது வருடமாக அது அவள் ராஜ்ஜியம். கிரீம் பையைப் பிடித்து மூச்சை லேசாக அடக்கிக்கொண்டு அவள் எழுதுவதைப் பார்க்க வேண்டும். சுழிகள் எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி விழும். அந்த எழுத்துக்காகவே ஊரின் மறுகோடியிலிருந்து ஆட்கள் வருவார்கள்.

இத்தனை இனிப்புக்கு நடுவில் இருக்கிறவள் இனிப்பைத் தொடமாட்டாள். ஏப்ரன் பையில் ஒரு சின்ன மருந்து பாட்டில் வைத்திருப்பாள். இரண்டு கேக்குக்கு நடுவில் சுவர்ப்பக்கம் திரும்பி, அதிலிருந்து உள்ளங்கையில் கொட்டி நக்கிக்கொள்வாள். ஏதோ சத்து மருந்து என்று கூட வேலை செய்கிறவர்கள் நினைத்திருந்தார்கள். அது உப்பு. வெறும் சமையல் உப்பு.

நான் லிஃப்ட் மெக்கானிக். அவளை நான் முதலில் பார்த்ததே அந்த பேக்கரியில் மாவு மூட்டை ஏற்றும் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன அன்றுதான். நான் குழிக்குள் இறங்கி, முழங்கை வரை கிரீஸோடு நின்றிருந்தேன். மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்? உள்ள மூணு கல்யாண கேக் மாட்டிக்கிட்டிருக்கு."

அண்ணாந்து பார்த்தேன். ஒரு கையில் ஆரஞ்சுச் சுளை, இன்னொரு கையில் உப்பு. தொட்டுத் தொட்டுத் தின்றுகொண்டே என்னை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆரஞ்சுக்கு உப்பா?" என்றேன்.

"நீங்க கேபிளைப் பாருங்க" என்றாள்.

பார்த்தேன். மூன்று கேக்கும் பத்திரமாக வந்தன. நாலாவது கல்யாண கேக் எங்களுடையது.

அவளுடைய உப்புக் கதை நான் வருவதற்கு ரொம்ப முன்பே தொடங்கிவிட்டது. நாலு வயதில் சமையலறையில் உப்பு ஜாடிக்குள் கை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். என் மாமியார் நர்சரி பள்ளி ஆசிரியை. பிள்ளைகளை எப்படித் திருத்துவது என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்தவர், தன் மகளிடம் தோற்றுப்போனார். ஜாடியை அலமாரியில் ஒரு தட்டு மேலே வைப்பார். இவள் ஒரு ஸ்டூல் போட்டு ஏறுவாள். அடுத்த தட்டுக்கு ஏற்றுவார். ஸ்டூல் மேல் இன்னொரு ஸ்டூல் ஏறும். பள்ளிக்கூடத்தில் இவளுடைய ஜியோமெட்ரி பாக்ஸில் காம்பஸ் இருக்காது, உப்புப் பொட்டலம் இருக்கும். கால் பிடித்துக்கொள்ளும், கை மரத்துப்போகும், தாகம் எடுக்கும், வகுப்பில் இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் வெளியே போக அனுமதி கேட்பாள். வளருகிற பிள்ளை என்றார்கள். வளர்ந்த பிறகு, கவலைப்படுகிற பெண் என்றார்கள்.

நடக்க முடியவில்லை என்று அவள் உட்கார்ந்துவிட்டால் என் மாமனார் முதுகில் ஏற்றிக்கொள்வார். ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலை அவருக்கு. நாளெல்லாம் உட்கார்ந்தே இருந்ததால் தூக்கிச் சுமப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து மூன்று வயது இளையவனான தம்பி வைத்த பெயர்தான் 'உப்புமூட்டை'. இரண்டு அர்த்தமும் பொருந்தியதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

தம்பிக்கும் ஒரு பெயர் இருந்தது. 'பஞ்சர்'. குடும்பமாக எங்கே கிளம்பினாலும் பாதி வழியில் அவன் காற்றுப் போன சக்கரம் மாதிரி உட்கார்ந்துவிடுவான். பள்ளி ஓட்டப்பந்தயத்தில் எல்லாரும் முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, இவன் பாதித் தூரத்தில் தரையில் உட்கார்ந்து கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தானாம். வளர்ந்து கூரியர் வேலைக்குப் போனான், மூன்று மாதம். மரச்சாமான் கடைக்குப் போனான், ஐந்து வாரம். கடைசியில் சந்தைக்குப் பக்கத்தில் மாற்றுச் சாவி செய்கிற ஒரு பெட்டிக்கடையை எடுத்துக்கொண்டான். உட்கார்ந்து செய்கிற வேலை என்பதால் அது மட்டும் நிலைத்தது. அக்கா உழைப்பாளி, தம்பி சோம்பேறி என்று குடும்பத்தில் எல்லாரும் முடிவு கட்டியிருந்தோம். அக்கா உட்பட.

நானும் உத்தமன் இல்லை. மகளுக்கு ஐந்து வயதிருக்கும்போது ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் லிஃப்ட் கதவைச் சரிசெய்ய நாலு மணி நேரம் ஆயிற்று. கண்ணுக்கு நேராக ஒரு சுவரொட்டி. உப்பைக் குறைத்தால் ஆயுள் கூடும் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. நாலு மணி நேரம் ஒரே வாக்கியத்தைப் படித்தால் மனுஷன் மாறிவிடுவான். அன்று சாயங்காலமே வீட்டில் சட்டம் போட்டேன்.

"இனிமே இந்த பாட்டில் வேணாம். நீ நூறு வருஷம் இருக்கணும்."

"நூறு வருஷமும் இப்படிச் சப்புன்னு சாப்பிடணுமா?" என்றாள். ஆனாலும் எனக்காகக் கேட்டுக்கொண்டாள். பதினோரு நாள் தாங்கினாள். பன்னிரண்டாவது நாள் அடுப்புப் பக்கம் கேக் தட்டு எடுக்கப் போனவள் அப்படியே சரிந்துவிட்டாள்.

மருத்துவமனையில் ரத்தம் பார்த்த டாக்டர், பொட்டாசியம் குறைந்திருக்கிறது என்றார். அப்புறம் என்னை வெளியே அனுப்பிவிட்டு அவளிடம் கேட்டிருக்கிறார்.

"மறைக்காம சொல்லுங்க. மெலியறதுக்கு மாத்திரை போடறீங்களா? சாப்பிட்டுட்டு வாந்தி எடுக்கிற பழக்கம் இருக்கா?"

"டாக்டர், நான் கேக் கடையில வேலை பார்க்கிறேன். மெலியணும்னா முதல்ல வேலையை விட்டிருப்பேன்."

அவர் நம்பினாரா என்று தெரியாது. டிரிப்ஸ் ஏற்றி, நிறைய வாழைப்பழம் சாப்பிடச் சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்த ஆறு மாதம் எங்கள் வீட்டில் வாழைப்பழம் கண்ணில் படாத மூலையே கிடையாது. மகள் பொம்மைக்குக்கூட ஊட்டினாள். உப்பு பாட்டிலை நானே நிரப்பி ஏப்ரன் பையில் திரும்ப வைத்தேன். அவள் சிரித்தாள். அதற்குப் பிறகு அந்தச் சுவரொட்டி இருக்கிற கட்டடத்துக்கு வேறு ஆளை அனுப்பச் சொல்லிவிட்டேன்.

தம்பியோடு முறிந்தது வீடு மாறிய அன்று. மூன்றாவது மாடி வீடு. லிஃப்ட் மெக்கானிக் குடிபோகிற கட்டடத்தில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. அந்தக் கிண்டலை நான் அன்று போதுமான அளவு கேட்டுவிட்டேன், இங்கே விட்டுவிடலாம். தம்பியும் அவன் மனைவியும் உதவிக்கு வந்தார்கள். தம்பி இரண்டு பெட்டி தூக்கினான். மூன்றாவது பெட்டியோடு இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்துகொண்டான். என் மனைவிக்கும் அன்று காலையிலிருந்தே விரல்கள் இழுத்துக்கொண்டிருந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு பாத்திர மூட்டையோடு ஏறிக்கொண்டிருந்தாள். அவனைத் தாண்டும்போது பொறுமை போய்விட்டது.

"ஏன்டா, நீ சோத்துல உப்பு போட்டுத்தானே திங்கிற?"

தனியாக இருந்திருந்தால் பரவாயில்லை. அவன் மனைவி கீழ்ப்படியில் தலையணையைக் கட்டிப்பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். தம்பி ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். சொல்லவில்லை. சுவரைப் பிடித்து எழுந்து, ஒவ்வொரு படியாக இறங்கிப் போய்விட்டான். மூன்று வருடம் பேச்சுவார்த்தை இல்லை. நல்லது கெட்டதில் பார்த்தால் நான்தான் நடுவில் நின்று, "தம்பி கேட்டான்", "அக்கா விசாரிச்சா" என்று பொய்யாகத் தபால் கொண்டுபோவேன். இரண்டு பேருக்கும் அது பொய் என்று தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு ஆர்டர் வந்தது. பெரிய மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவிலிருந்து. அவர்களுடைய தலைமை டாக்டரம்மா ஓய்வு பெறுகிறார், பிரிவுபசார விழாவுக்குக் கிட்னி வடிவத்தில் கேக் வேண்டும் என்றார்கள். குறுக்கே வெட்டினால் உள்ளே எப்படி இருக்குமோ அப்படி. பாடப் புத்தகத்திலிருந்து ஒரு படமும் அனுப்பியிருந்தார்கள்.

மூன்று நாள் அந்தப் படம் எங்கள் சாப்பாட்டு மேஜையில் கிடந்தது.

"இத்தனை குழாய் எதுக்குங்க உள்ள? வளைஞ்சு போகுது, திரும்பி வருது, மறுபடி வளையுது."

"எனக்கென்ன தெரியும். பிளம்பரைத்தான் கேக்கணும்."

"பாதி கிரீம் இந்தக் குழாய்க்கே போயிடும் போல" என்று அலுத்துக்கொண்டாலும் அவளுக்கு அதில் ஒரு வெறி வந்துவிட்டது. கருஞ்சிவப்பு மேல்தோல், உள்ளே வெளிர்மஞ்சள், நடுவில் மெல்லிய குழாய்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக. முடிந்தபோது அதைச் சாப்பிட யாருக்கும் மனசு வராது என்று தோன்றியது. அழகு ஒரு காரணம். அச்சு அசல் கிட்னியாக இருந்தது இன்னொரு காரணம்.

அன்று எனக்கு விடுமுறை. கேக் பெட்டியைத் தூக்க என்னைக் கூட்டிப்போனாள். நான்காவது மாடியில் கூட்ட அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரோரம் காகிதத் தட்டுகள். விழா நாலு மணிக்கு. வருடக் கணக்கை ஆபீஸில் சரிபார்த்துச் சொல்கிறோம் என்றிருந்ததால் எழுத்தை மட்டும் அங்கே போய் எழுதுவதாக ஏற்பாடு. முப்பத்துநாலு என்று உறுதியானது. அவள் கிரீம் பையைப் பிடித்துக் குனிந்தாள். 'நன்றி டாக்டர்' விழுந்தது. அடுத்த வரியில் '34 ஆண்டுகள்' வர வேண்டும். மூன்று சுழி ண-வில் இரண்டாவது சுழியை முடித்ததும் அவள் கை நின்றது.

நான் அதை நூறு தடவை பார்த்திருக்கிறேன். மணிக்கட்டு உள்ளே மடங்கும். நான்கு விரலும் விறைத்து ஒட்டிக்கொண்டு நீளும். கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய்விடும். கிரீம் பை நழுவி மேஜையில் விழுந்தது. அவள் அலட்டிக்கொள்ளாமல் இடது கையால் ஒவ்வொரு விரலாகப் பிரிக்க ஆரம்பித்தாள், பாட்டில் மூடி திருகுகிற மாதிரி.

வாசலில் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைக் கோட்டு, நரைத்த தலை, கழுத்தில் யாரோ முன்கூட்டியே போட்டுவிட்ட பூச்சரம். அவர்தான் ஓய்வு பெறுகிற டாக்டரம்மா. கேக்கை ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு அவர் பார்த்ததெல்லாம் கையைத்தான்.

"இது அடிக்கடி வருமா?"

"ஒண்ணுமில்ல டாக்டர், பழகிப்போச்சு. ரெண்டு நிமிஷத்துல சரியாயிடும். உங்க கேக்கை முடிச்சிடுவேன்."

"கேக் இருக்கட்டும். எத்தனை வருஷமா?"

"சின்ன வயசுலேர்ந்து."

டாக்டரம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். தாகம் எடுக்குமா, தண்ணீருக்காகத் தூக்கத்தில் எழுந்திருப்பீர்களா, தலை சுற்றுமா, ரத்த அழுத்தம் எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம், ஆமாம், ரொம்பக் கம்மி என்று பதில். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்.

"உப்பு பிடிக்குமா உங்களுக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னால் அடக்கவே முடியவில்லை. அவள் என்னை முறைத்துக்கொண்டே ஏப்ரன் பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தாள். டாக்டரம்மா மூடியைத் திறந்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். அவருக்கும் சிரிப்பு வந்தது.

"முப்பத்துநாலு வருஷத்துல எனக்கு இதை யாரும் இவ்வளவு சுலபமாக்கிக் கொடுத்ததில்ல" என்றார். "இன்னைக்கு அஞ்சு மணி வரைக்கும் நான் இங்க டாக்டர்தான். முதல்ல ரத்தம் எடுப்போம். கேக் அப்புறம் வெட்டுவோம்."

அப்படித்தான் நடந்தது. விழாவுக்கு வந்தவர்கள் நாற்காலியில் காத்திருக்க, அடுத்த அறையில் அவளிடம் ரத்தமும் சிறுநீரும் எடுத்தார்கள், இதயத்துடிப்பைக் காகிதத்தில் வரைந்தார்கள். முக்கால் மணி நேரத்தில் முடிவு வந்தது. பொட்டாசியம் 2.4. மூன்றரைக்கு மேல் இருக்க வேண்டியது. மெக்னீசியமும் பாதிதான்.

"இந்த நம்பரை வச்சுக்கிட்டு நீங்க கேக்கைத் தூக்கிட்டு வந்தீங்களா?" என்றார் டாக்டரம்மா.

"தூக்கினது இவரு. கத்திக்கிட்டே வந்தது நான்."

டாக்டரம்மா அவளைக் கேக் பக்கம் கூட்டிப்போனார். கத்தியை எடுத்தார். வெட்டுவதற்குப் பதிலாக, கத்தி நுனியால் அவள் மூன்று நாள் பாடுபட்டு வைத்த குழாய்களில் ஒன்றைக் காட்டினார்.

"ரத்தத்துல இருக்கிற உப்பு முதல்ல இந்தக் குழாய்க்குள்ள வந்துடும். போற வழியில உடம்புக்கு வேண்டியதைத் திரும்ப உள்ள இழுத்துக்கணும். அதுக்குச் சின்னச் சின்ன வாசல் இருக்கு. இதோ, இந்த வளைவு தாண்டி இருக்கிற வாசல் உங்களுக்குச் சரியா வேலை செய்யலைன்னு நினைக்கிறேன். அதனால உப்பு வெளிய போகுது. அதைச் சரிக்கட்டப் போய் பொட்டாசியமும் மெக்னீசியமும் கூடவே போயிடுது. அதான் தசை இழுக்குது, களைப்பு, மயக்கம் எல்லாம். பிறவியிலேயே வர்றது. கிட்டல்மன்னு பேரு. மரபணு பார்த்து உறுதி பண்ணணும்."

அவள் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ நான் உப்பு தின்னது?"

"உங்க உடம்பு கேட்டது. நீங்க கொடுத்தீங்க. அது இல்லாம இத்தனை வருஷம் ஓட்டியிருக்க முடியாது."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பத்தொன்பது வயதில் முதல்முறையாக ஒருவர் அவள் உப்பு தின்றதை நல்ல காரியம் என்று சொல்லியிருக்கிறார். நான் அந்த இன்சூரன்ஸ் சுவரொட்டியை நினைத்துத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எழுத்து ஒரு சுழி குறைந்து '34 ஆன' என்றே பாதியில் நின்றுவிட்டது. முடித்துவிடுகிறேன் என்றாள். டாக்டரம்மா விடவில்லை. அப்படியே படம் எடுத்துக்கொண்டார்.

இரண்டு நாள் வார்டில் வைத்து மருந்து ஏற்றினார்கள். டாக்டரம்மாவின் இடத்துக்கு வந்த டாக்டர் மரபணுச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வர ஏழு வாரம் ஆயிற்று. கிட்டல்மன்தான். பெற்றோரையும் சோதிக்க வேண்டும் என்று அவர்களுடைய ரத்தமும் போனது. விளக்கம் சொல்ல எல்லாரையும் ஒன்றாகக் கூப்பிட்டார்கள். மரபணு ஆலோசகர் என்று ஒரு பெண். சின்ன அறை, அவரிடம் ஒரு வெள்ளைப் பலகை. அவர் பேச ஆரம்பிப்பதற்கு முன்பே என் மாமனாரும் மாமியாரும் ஆரம்பித்துவிட்டார்கள்.

"உங்க குடும்பத்துலதான் வந்திருக்கும். உங்க அண்ணன் விருந்துல மயங்கி விழுந்தாரே, எனக்கு ஞாபகம் இருக்கு."

"அன்னிக்கு வெயிலு."

"அவரு நிழல்ல உட்கார்ந்திருந்தாரு."

"உன் சித்தி மட்டும் என்ன? பஸ்ல ஏறினா கால் பிடிச்சுக்குதுன்னு பஸ்ஸையே நிறுத்தச் சொல்லுவாங்க."

ஆலோசகர் பேனாவின் மூடியைக் கழற்றாமல் பொறுமையாகக் காத்திருந்தார். இரண்டு பேரும் மூச்சு வாங்கியதும் சொன்னார்.

"ஒவ்வொரு மரபணுவும் நம்மகிட்ட ரெண்டு இருக்கும். அம்மா கொடுத்தது ஒண்ணு, அப்பா கொடுத்தது ஒண்ணு. ரெண்டுல ஒண்ணு நல்லா இருந்தாலே போதும், வேலை நடந்துடும். உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணு நல்லது, ஒண்ணு கோளாறு. அதனால உங்களுக்கு நோய் இல்ல. உங்க பொண்ணுக்கு ரெண்டு பேர்கிட்டேர்ந்தும் கோளாறானதே வந்திருக்கு. நீங்க ஒண்ணு, அவங்க ஒண்ணு. சரி பாதி."

நாற்பத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவர்கள் எதையும் சரி பாதியாகச் செய்தார்கள் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மாமனாருக்கு ஜெயிக்க முடியாத வருத்தம். மாமியாருக்கும் அதே வருத்தம். மாமியார் கேட்டார்.

"அப்போ பிறக்கிற குழந்தைக்கெல்லாம் வந்துடுமா?"

"நாலுல ஒரு பங்கு வாய்ப்பு."

"எங்களுக்கு ரெண்டே பிள்ளைங்க. பெரியவளுக்கு வந்துடுச்சு. அப்போ சின்னவன் தப்பிச்சான்."

"அப்படி இல்லம்மா. ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியா நாலுல ஒண்ணு. அக்காவுக்கு வந்ததால தம்பிக்கு வராதுன்னு சொல்ல முடியாது. அவருக்கு ஏதாவது தொந்தரவு உண்டா?"

மாமனார் என்னைப் பார்த்தார், நான் அவளைப் பார்த்தேன். அவள் வெள்ளைப் பலகையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்.

"நாங்க அவனைப் பஞ்சர்னு கூப்பிடுவோம்."

மறுநாள் காலை பேக்கரிக்கு லீவு சொல்லிவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள். தம்பியின் கடை ஒரு அலமாரி அளவு. மூன்று பக்கமும் வெட்டப்படாத சாவிகள் கொக்கிகளில் தொங்கும். நடுவில் சாவி அறுக்கிற எந்திரம், அதற்குப் பின்னால் ஸ்டூலில் அவன். எங்களைப் பார்த்ததும் முகத்தில் என்ன வைத்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"வாங்க மாமா" என்று என்னிடம் மட்டும் சொன்னான்.

வழியெல்லாம் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தவள், அங்கே நின்றதும் வாயடைத்துப்போனாள். கைப்பையைத் துழாவி எங்கள் வீட்டுச் சாவியை எடுத்து நீட்டினாள்.

"இதுக்கு ஒரு சாவி வேணும்."

அவன் வாங்கினான். பொருத்தமான சாவி ஒன்றைக் கொக்கியிலிருந்து எடுத்து எந்திரத்தில் மாட்டினான். சத்தம் ஓய்ந்ததும் ஓரத்தைத் தேய்த்து, ஊதி, இரண்டையும் அவள் முன்னால் வைத்தான். அவள் எடுத்துக்கொள்ளவில்லை. வலது கையை நீட்டி, மணிக்கட்டை மடக்கி, விரல்களை ஒட்டிவைத்து, கட்டைவிரலை உள்ளே இழுத்துக் காட்டினாள்.

"உனக்குக் கை இப்படி ஆகுமா?"

அவன் அந்தக் கையை ரொம்ப நேரம் பார்த்தான்.

"யாரு சொன்னா உனக்கு?"

"ஆகுமா, ஆகாதா?"

"வாரத்துல ரெண்டு தடவை ஆகும். அதான் சாவி கொஞ்சம் லேட்டாகுது. கஸ்டமர்கிட்ட மெஷின் சூடாயிடுச்சுன்னு சொல்லுவேன்." கல்லாவுக்குக் கீழே குனிந்து ஒரு டப்பாவை எடுத்தான். வெள்ளரித் துண்டுகள், மேலே உப்பு பனி மாதிரி படிந்திருந்தது. "இது இல்லாம மத்தியானம் தாண்டாது. நீ மட்டும்தான் உப்புமூட்டைன்னு நினைச்சியா? உன் ஜியோமெட்ரி பாக்ஸ்லேர்ந்து பாதி நான்தான் எடுத்தேன்."

அவள் அழ ஆரம்பித்தாள். சந்தைக்கு வந்த இரண்டு பேர், சாவி தொலைத்துவிட்டாள் போலிருக்கிறது என்று பரிதாபமாகப் பார்த்துக்கொண்டு போனார்கள். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். கேக், குழாய், வாசல், சரி பாதி, நாலில் ஒன்று.

"படியில உட்கார்ந்தப்போ உன்னைத் திட்டினேன்ல. உன் பொண்டாட்டி முன்னாடி. அது தப்புடா. உனக்கு முடியல, அது எனக்குத் தெரியல. எனக்கே அதேதான் இருந்திருக்கு, அப்பவும் தெரியல."

தம்பி சாவித்தூளை மேஜையிலிருந்து விரலால் கூட்டினான்.

"உப்பு போட்டுத்தானே திங்கிறன்னு கேட்ட. நிறையப் போட்டுத்தான் திங்கிறேன்க்கான்னு பதில் சொல்ல வந்தேன். மூச்சு வாங்குச்சு, சொல்ல முடியல. அப்புறம் மூணு வருஷம் போயிடுச்சு."

முதலில் சிரித்தது யாரென்று எனக்கு ஞாபகம் இல்லை. அக்காவும் தம்பியும் சிரிக்கிற சிரிப்பில் கொக்கியில் தொங்கிய சாவியெல்லாம் ஆடிற்று. அடுத்த வாரம் அவனுக்கு ரத்தம் பார்த்தார்கள். 2.1. அக்காவைவிட மோசம். டாக்டர் அவனைக் கடைக்குத் திரும்ப விடாமல் அப்படியே வார்டில் படுக்கவைத்தார். மாமனார் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவன் காலை அமுக்கிக்கொண்டே இருந்தார். சின்ன வயதில் அவனை ஒருநாள்கூட முதுகில் தூக்கவில்லையே என்று என்னிடம் சொல்லி மாய்ந்துபோனார்.

எங்கள் மகளையும் என்னையும் சோதித்தார்கள். மகளுக்கு அம்மா கொடுத்த கோளாறு ஒன்று இருக்கிறது, நான் கொடுத்தது நல்லது, அதனால் நோய் வராது என்றார் ஆலோசகர். மகள் என் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பாவுக்கு ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்லம்மா."

"பாவம்" என்றாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். இது தீர்கிற நோய் இல்லை. என் மனைவிக்கு ஒரு நாளைக்குப் பதினோரு மாத்திரை. மெக்னீசியம் கொஞ்சம் கூடினால் வயிறு கலக்கிவிடும். அதனால் காலை, மதியம், சாயங்காலம் என்று பிரித்துப் பிரித்துப் போட வேண்டும். போன கோடையில் மகளிடமிருந்து தொற்றிய வயிற்றுப்போக்கில் அவள் ஒரே நாளில் துவண்டுபோய் மறுபடி டிரிப்ஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. சில நாள் காலையில் கட்டிலின் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். நான் ஏன் என்று கேட்பதில்லை, காபியை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். ஆனால் பேக்கரியில் கை மடங்கி எட்டு மாதமாகிறது. மூன்றடுக்கு கேக்குக்கு முன்பெல்லாம் இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்திருப்பாள். இப்போது ஒரே மூச்சில் முடித்துவிட்டு அடுத்தது எங்கே என்று கேட்கிறாள்.

தம்பிதான் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டான். அவன் மனைவி கணக்கு டியூஷன் எடுக்கிறவள், அமைதியான பெண். போன மாதம் அவளிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"அண்ணி, உங்க தம்பிகிட்ட கொஞ்சம் சொல்லுங்க. காலையில ஆறு மணிக்கு எழுந்து பீரோவை நகர்த்துறாரு. நேத்து ஹால்ல இருந்துச்சு, இன்னைக்கு ரூம்ல இருக்கு. துணி எங்க இருக்குன்னு தேட வேண்டியிருக்கு. பிள்ளைங்க கணக்கு போட உட்கார்ந்தா, பெஞ்சைத் தூக்கிட்டுப் போறாரு, பெயின்ட் அடிக்கணுமாம்."

"நல்லதுதானே. இத்தனை வருஷம் உட்கார்ந்தே இருந்தான்."

"நல்லதுதான் அண்ணி. இல்லைங்கல. ஞாயித்துக்கிழமை மட்டுமாவது அவரு கொஞ்சம் சோம்பேறியா இருக்க மாத்திரை ஏதாவது இருக்கான்னு டாக்டரைக் கேட்டுச் சொல்லுங்க."

மாதம் ஒருமுறை அக்காவும் தம்பியும் சேர்ந்துதான் ரத்தப் பரிசோதனைக்குப் போகிறார்கள். இரண்டு பேருக்கும் எண் முழுசாக மேலே வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்றைத் தொட்டால் சந்தோஷப்படுங்கள் என்றார். ஆனால் இவர்களுக்கு அதுவும் பந்தயமாகிவிட்டது. இந்த மாதம் நான் கூடப் போயிருந்தேன். கவுண்ட்டரில் காகிதம் வந்ததும் அவள் தன்னுடையதை மார்போடு அணைத்து மறைத்துக்கொண்டாள்.

"முதல்ல உன்னோடதைச் சொல்லு."

"மூணு புள்ளி ஒண்ணு."

"எனக்கு மூணு புள்ளி ரெண்டு" என்றாள், நாற்பத்தொரு வயதுப் பெண்மணி, வெற்றிப் பெருமிதத்தோடு.

தம்பி அவள் கையிலிருந்து காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்தான். கவுண்ட்டர்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, இங்கே சண்டை போடாதீர்கள் என்றார். இரண்டு பேரும் சண்டையைப் படிக்கட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். லிஃப்ட் காலியாகத்தான் நின்றது. நான் அதில் இறங்கிப் போய் வாசலில் காத்திருந்தேன்.